நட்சத்திரங்களின் ஜனனக் கணக்கு

நம் ஊரில் குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது சட்டம். தாத்தா பெயரை வைப்பதா, குலதெய்வத்தின் பெயரை வைப்பதா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதம் முடிவதற்குள் குழந்தைக்குச் சர்க்கார் ஏட்டில் ஒரு நம்பர் விழுந்துவிடுகிறது. அந்த ஏடுகளைக் கூட்டிப் பார்த்தால் நாட்டில் வருஷத்துக்கு எத்தனை ஜனனம் என்று தெரிந்து போகிறது.

ஆகாயத்தில் பிறக்கும் நட்சத்திரங்களுக்கு யார் ஏடு வைத்திருக்கிறார்கள்?

யாரும் இல்லை. ஆனாலும் வான சாஸ்திரிகளைக் கேட்டால் கூசாமல் கணக்குச் சொல்கிறார்கள். "நம் பால்வீதியில் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள் உண்டாகின்றன. பக்கத்திலுள்ள ஆண்டிரோமீடாவில் ஒரு சூரியன் எடைகூடத் தேறாது. மெஸ்ஸியே 82 என்ற மண்டலத்தில் சுமார் பத்துச் சூரியன்!" என்கிறார்கள். இரண்டு சூரியன் எடை என்றால் இரண்டு நட்சத்திரங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிறக்கிற நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை. ஆகையால் அந்த இரண்டு சூரியன் எடையை நாலைந்து நட்சத்திரங்கள் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஒரு நட்சத்திரம் பிறந்து முடிய லட்சக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. மனிதன் டெலஸ்கோப்பைக் கண்டுபிடித்து 400 வருஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரு பிரசவத்தைக்கூட முழுசாகப் பார்க்காத டாக்டர் ஊர் முழுவதற்கும் ஜனனக் கணக்குச் சொல்கிற மாதிரியல்லவா இருக்கிறது இது? எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். கெட்டிக்காரத்தனமான வேலை, அங்கங்கே கொஞ்சம் துணிச்சலும் உண்டு.

வாணவேடிக்கையை எண்ணுவது

நல்ல முகூர்த்த நாள். ஊருக்குப் பல மைல் தள்ளி ஒரு மலைமேல் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அன்றிரவு ஊரில் எத்தனை கல்யாணம் என்று சொல்ல வேண்டும். பந்தல் தெரியாது, மேளச் சத்தம் எட்டாது. கோவிலில் தாலி கட்டி, நாலு பேருக்குக் காப்பி கொடுத்து அனுப்பும் ஏழை வீட்டுக் கல்யாணம் அங்கிருந்து தெரியவே தெரியாது. ஆனால் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் தெரியும். வாணவேடிக்கை விடுகிறார்களே!

ஆக, வாணவேடிக்கைகளை எண்ணிக்கொள்கிறீர்கள். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் நடந்தால் சராசரியாக இத்தனை சின்ன வீட்டுக் கல்யாணம் நடக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் போதும். பெருக்கிப் பார்த்து மொத்தத்தைச் சொல்லிவிடலாம்.

வான சாஸ்திரிகள் செய்வது ஏறக்குறைய இதுதான். நட்சத்திரங்களில் பெரிய மனிதர்கள் உண்டு. சூரியனைப் போல் 20 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாக எரிகிறது. வரவுக்கு மேல் செலவு செய்கிற பிரபு. நம் சூரியன் தன் சொத்தை 1,000 கோடி வருஷத்துக்குக் கட்டும் செட்டுமாக வைத்துக் குடித்தனம் செய்யும்போது, அந்தப் பிரபு ஒரு கோடி வருஷத்துக்குள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு வெடித்துச் சிதறிப் போகிறார்.

இந்த அல்பாயுசில்தான் வான சாஸ்திரிக்கு லாபம். இவ்வளவு சீக்கிரம் சாகிற நட்சத்திரம் இப்போது உயிரோடு இருக்கிறது என்றால், அது அண்மையில் பிறந்தது என்று சாட்சி இல்லாமலே சொல்லிவிடலாம் அல்லவா?

இதைக் கண்ணால் காண விரும்பினால் மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் கிழக்கே பாருங்கள். திருவாதிரை என்று நாம் சொல்லும் சிவந்த நட்சத்திரத்துக்கு அருகில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். மேல்நாட்டார் அதை ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை என்பார்கள். கச்சையிலிருந்து தொங்கும் வாளின் நடுவில் மங்கலாக ஒரு புகைத் திட்டு தெரியும். சுமார் 1,350 ஒளி வருஷ தூரத்திலுள்ள பிரசவ அறை அது! அங்கே ஆயிரக்கணக்கில் இளம் நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தத் திட்டு ஒளிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு கனத்த நட்சத்திரம்தான். மற்றவை இருக்கிற இடம் தெரியாமல் இருக்கின்றன.

ஒளிர்வது எப்படி? அந்தக் கனத்த நட்சத்திரத்தின் மேற்பரப்பு 30,000 டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. அதிலிருந்து சீறி வரும் புற ஊதாக் கிரணங்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. பிய்ந்துபோன எலெக்ட்ரான் மறுபடி ஓர் அணுவில் வந்து சேர்ந்து, படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட சிவப்பு ஒளி வெளிப்படுகிறது. அலை நீளம் 656 நானோமீட்டர். இதற்கு ஹைட்ரஜன்-ஆல்பா என்று பெயர். டெலஸ்கோப்பில் அந்தச் சிவப்பை மட்டும் விடுகிற கண்ணாடியைப் பொருத்திப் படம் எடுத்தால், தூரத்து மண்டலத்தின் சுருள் கைகளில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றன. ஒவ்வொரு பொட்டும் ஒரு வாணவேடிக்கை!

நம் பால்வீதியை விட்டுவிட்டு அயல் மண்டலங்களை ஏன் படம் பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். தன் முதுகு தனக்குத் தெரியாது. பால்வீதியின் தட்டுக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம்; நடுவில் தூசி மறைக்கிறது; எது முன்னால், எது பின்னால் என்று தெரிவதில்லை. அடுத்த வீட்டு மாடியோ முழுசாகத் தெரிகிறது.

கான்பெராவில் போட்ட கணக்கு

ஒரு பெரிய கல்யாணத்துக்கு எத்தனை சின்னக் கல்யாணம் என்ற விகிதம் வேண்டுமே, அதைக் கொடுத்தவர் எட்வின் சால்பீட்டர். 1924-ல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் குடும்பத்தோடு தப்பி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். கான்பெராவுக்குச் சில காலம் வந்து தங்கியிருந்தபோது, சூரியனுக்கு அக்கம்பக்கத்திலுள்ள நட்சத்திரங்களை எடைவாரியாகப் பிரித்து, இறந்துபோனவற்றுக்கும் ஈடு கொடுத்து, பிறக்கும்போது என்ன விகிதத்தில் பிறக்கின்றன என்று கணக்குப் போட்டார். 1955-ல் அது பிரசுரமாயிற்று. எடை இரண்டு மடங்கானால் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது என்பது அதன் சாரம்.

சிறிய கட்டுரைதான். ஆனால் இன்றுவரை நட்சத்திர ஜனனக் கணக்குப் போடுகிற எவரும் அதையோ, அதன் திருத்திய பதிப்பையோ தொடாமல் மேலே போக முடியாது. திருத்தம் என்ன என்றால், மிகவும் இலேசான நட்சத்திரங்கள் சால்பீட்டரின் விதி சொல்கிற அளவுக்கு ஏராளமாக இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. அதன் பலனைப் பாருங்கள்: அதே மண்டலம், அதே சிவப்பு ஒளி; பழைய விகிதப்படி வருஷத்துக்கு மூன்று சூரியன் என்று சொன்னது புது விகிதப்படி இரண்டாகிவிடுகிறது! ஆகாயத்தில் ஒன்றும் மாறவில்லை. காகிதத்தில்தான் ஒரு சூரியன் மறைந்துபோயிற்று. இந்தத் துறையில் யாராவது தசம ஸ்தானம் வரைக்கும் அடித்துச் சொன்னால் நான் சற்று ஜாக்கிரதையாகவே கேட்டுக்கொள்வேன்.

இந்த வரலாற்றில் இன்னொருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. பீட்ரிஸ் டின்ஸ்லி இங்கிலாந்தில் பிறந்து நியூஸீலாந்தில் வளர்ந்தவர். ஒரு மண்டலத்தில் நட்சத்திரங்கள் பிறந்து, மூத்து, மடியும்போது அதன் மொத்த ஒளியும் நிறமும் எப்படி மாறும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு 1960-களின் கடைசியில் காட்டினார். நீலம் தூக்கலாக இருந்தால் பிரசவம் நடக்கிற வீடு. சிவந்து போயிருந்தால் கிழவர்கள் மட்டும் இருக்கிற வீடு. யேல் சர்வகலாசாலையில் வான சாஸ்திரப் பேராசிரியையான முதல் பெண்மணி இவர். 1981-ல் புற்று நோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 40.

தூசி என்னும் திரை

ராபர்ட் கென்னிகட் என்ற அமெரிக்கர் 1983-ல் ஏராளமான அயல் மண்டலங்களின் சிவப்பு ஒளியை அளந்து, ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு எவ்வளவு பிறக்கிறது என்று எழுதினார். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சங்கடம்.

நட்சத்திரங்கள் பிறக்கிற மேகங்களில் ஹைட்ரஜனோடு தூசியும் இருக்கிறது. அடுப்புக்கரியைப் பொடி செய்த மாதிரி நுண்ணிய தூசி. புற ஊதாக் கிரணங்களையும் சிவப்பு ஒளியையும் அது விழுங்கிவிடுகிறது. சாதாரணச் சுருள் மண்டலத்தில் ஹைட்ரஜன்-ஆல்பா ஒளியில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விடுகிறது. தூசி மிகுந்த மண்டலத்தில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். வாணவேடிக்கை நடக்கும்போது ஊரைப் பனி மூடிக்கொண்டால் எப்படி எண்ணுவது?

ஆனால் விழுங்கிய தூசி சும்மா இருக்க முடியாது; சூடேறும். சமையற்கட்டுக் கதவைச் சாத்தியிருந்தாலும் சுவரைத் தொட்டுப் பார்த்து உள்ளே அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிடலாம் இல்லையா? அந்தச் சூடு அகச்சிவப்புக் கிரணமாக வெளியே வருகிறது. அதில் பெரும்பகுதி பூமியின் காற்றைக் கடந்து நம்மிடம் வராது. மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1983 ஜனவரியில் அமெரிக்கா, ஹாலந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஐராஸ் என்ற செயற்கைக் கோளை அனுப்பின. திரவ ஹீலியத்தில் குளிரவைத்த டெலஸ்கோப் அது. ஹீலியம் பத்து மாதத்தில் தீர்ந்தது. அதற்குள் வானத்தையே புரட்டிப் போட்டுவிட்டது. சாதாரண ஒளியில் சோனியாகத் தெரிந்த சில மண்டலங்கள் அகச்சிவப்பில் கொல்லன் உலைபோல் ஜொலித்தன. ஆர்ப் 220 என்ற மண்டலம் 25 கோடி ஒளி வருஷ தூரத்தில் இருக்கிறது. இரண்டு மண்டலங்கள் மோதிக் கலந்த இடம். அங்கே வருஷத்துக்குச் சுமார் 200 சூரியன் எடை நட்சத்திரங்களாகிறது!

மெஸ்ஸியே 82-ம் இந்த ஜாதிதான். தூரம் 1 கோடியே 20 லட்சம் ஒளி வருஷம். பக்கத்திலுள்ள மெஸ்ஸியே 81 என்ற பெரிய மண்டலம் தன் ஈர்ப்பால் அதைக் கலக்கிவிட்டது. வாயு நடுவில் குவிந்தது, பிரசவம் பெருகிற்று.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தூசியைச் சூடாக்குவது இளம் நட்சத்திரங்கள் மட்டுமல்ல. வயதானவையும் கொஞ்சம் சூடாக்கும். கிழவர்களின் கணப்புச் சட்டியைப் பிரசவ அறை அடுப்பு என்று எழுதிவிடக் கூடாது. ஆகவே, தூசி விழுங்கியது பாதி, தப்பி வந்தது பாதி என்று இரண்டையும் சேர்த்துக் கணக்கெடுப்பதுதான் நியாயம். 2003-ல் ஏறிய ஸ்பிட்ஸர் அகச்சிவப்பு டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு கென்னிகட்டும் சகாக்களும் மெஸ்ஸியே 51-ல் இதைச் செய்தார்கள். 1845-ல் அயர்லாந்தில் ராஸ் பிரபு தம் ஆறடி டெலஸ்கோப்பில் பார்த்து, முதன்முதலாகச் சுருள் வடிவத்தை வரைந்தாரே, அதே மண்டலம். அதை நூற்றுக்கணக்கான சிறு வட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு வட்டத்திலும் சிவப்பையும் சூட்டையும் தனித்தனியே அளந்து கூட்டினார்கள். மண்டலத்துக்கு ஒரு மொத்தத் தொகை சொல்வது போய், தெருவுக்குத் தெரு கணக்குச் சொல்லும் காலம் வந்தது.

புற ஊதாவில் நேரடியாகப் படம் எடுக்கும் வழியும் உண்டு. அதற்கும் வான்வெளிக்குத்தான் போக வேண்டும். நம்மைக் காப்பாற்றும் ஓஸோன் அதைத் தடுத்துவிடுகிறது. 2003-ல் அமெரிக்கா அனுப்பிய காலெக்ஸ் பத்து வருஷம் இந்த வேலையைச் செய்தது. 2015 செப்டம்பர் 28-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் ஆஸ்ட்ரோஸாட்டில் உள்ள புற ஊதா டெலஸ்கோப், காலெக்ஸைவிடச் சுமார் மூன்று மடங்கு கூர்மையாகப் பார்த்தது. கானடாவின் ஒத்துழைப்போடு அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு பெங்களூரிலுள்ள இந்திய வான் பௌதிக ஸ்தாபனத்துக்கு. இந்த ஸ்தாபனத்தின் பூர்வீகம் எது தெரியுமா? 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாராய்ச்சி நிலையம்!

சிவப்பு ஒளியும் புற ஊதாவும் ஒரே கணக்கைத்தானே சொல்ல வேண்டும் என்று தோன்றும். சொல்வதில்லை. சிவப்புப் பொட்டு மிகக் கனத்த நட்சத்திரங்கள் உள்ளவரைதான். ஒரு கோடி வருஷத்துக்குள் அணைந்துவிடும். புற ஊதாவோ சற்று எடை குறைந்த நட்சத்திரங்களிலிருந்தும் வருவதால் பத்துக் கோடி வருஷம் வரை நீடிக்கும். ஒன்று தினசரிக் குறிப்பு, மற்றொன்று மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் தெருவில் பிரசவம் கூடிக்கொண்டு வருகிறதா, குறைகிறதா என்பதும் தெரிகிறது.

ஆண்டிரோமீடா போன்ற நெருங்கிய சொந்தக்காரர்களிடம் இந்தச் சுற்று வழியெல்லாம் வேண்டியதில்லை. ஹப்பிள் டெலஸ்கோப்பை வைத்து 2010 முதல் 2013 வரை அதன் தட்டில் மூன்றில் ஒரு பங்கைப் படம் பிடித்து, 11 கோடியே 70 லட்சம் நட்சத்திரங்களைத் தனித்தனியே எண்ணிவிட்டார்கள். மற்றக் கணக்குகளுக்கு இது ஒரு தணிக்கை.

விறகும் சாம்பலும்

இனி, நட்சத்திரம் எதிலிருந்து பிறக்கிறது என்பது. குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு மேகங்களிலிருந்து. அந்த மேகம் பரம சாது. தானாக ஒளி விடாது. அதோடு கலந்திருக்கும் கார்பன் மானாக்ஸைடு விடுகிற 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலைதான் காட்டிக்கொடுக்கிறது. 1970-ல் வில்ஸன், ஜெஃபர்ட்ஸ், பென்ஸியாஸ் மூவரும் ஓரியனில் அதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆண்டெனாக்கள் கொண்ட அல்மா அந்த அலைகளைப் பிடிக்கிறது.

வாயு எவ்வளவு இருந்தால் எவ்வளவு பிறக்கும் என்று 1959-ல் முதலில் விதி சொன்னவர் மார்ட்டின் ஷ்மிட் என்ற டச்சுக்காரர். கென்னிகட் 1998-ல் அதைத் திருத்தினார்: மண்டலத்தில் வாயுவின் செறிவு இரண்டு மடங்கானால் ஜனனம் சுமார் 2.6 மடங்காகும். சாதாரண மண்டலமானாலும் பிரசவம் பெருத்த மண்டலமானாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நின்றன.

ஆனால் மண்டலத்துக்குள் நெருங்கிப் பார்த்தால் விஷயம் வேறு! ஓர் ஊரில் விற்ற விறகையும் குப்பைக்கு வந்த சாம்பலையும் மொத்தமாக நிறுத்தால் கணக்கு ஒத்துப்போகும். வீடு வீடாகப் போய்ப் பாருங்கள்: விறகு அடுக்கியிருக்கிற வீட்டில் சாம்பல் இராது, சாம்பல் இருக்கிற வீட்டில் விறகு தீர்ந்திருக்கும். சில நூறு ஒளி வருஷ அளவுக்கு உற்று நோக்கினால் மேகம் இருக்கிற இடத்தில் சிவப்புப் பொட்டு இல்லை. பொட்டு இருக்கிற இடத்தில் மேகம் இல்லை.

இது அளவெடுப்பவனுக்குத் தலைவலி, யோசிப்பவனுக்குப் புதையல். இரண்டும் சேர்ந்திருக்கிற வீடுகள் எத்தனை, தனித்திருப்பவை எத்தனை என்று எண்ணினால், விறகு எவ்வளவு நேரத்தில் எரிகிறது என்பது தெரிந்துவிடுமே! 60 லட்சம் ஒளி வருஷ தூரத்திலுள்ள என்.ஜி.ஸி. 300 என்ற மண்டலத்தில் டீடரிக் குரூய்சனும் குழுவினரும் இப்படிச் செய்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். மேகத்தின் ஆயுள் சுமார் ஒரு கோடி வருஷம். அதற்குள் அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் நட்சத்திரமாகிறது. மிச்சத்தைப் பிறந்த பிள்ளைகளே ஊதித் தள்ளிவிடுகின்றன. கனத்த நட்சத்திரங்களின் ஒளியும் காற்றும் பெற்ற வீட்டையே கலைத்துவிடுகின்றன. 2021 டிசம்பரில் ஏறிய ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் 19 அண்டை மண்டலங்களை அகச்சிவப்பில் எடுத்த படங்கள் 2024 ஜனவரியில் வெளியாயின. தோசைக் கல்லில் மாவு பொரிந்த மாதிரி எங்கு பார்த்தாலும் குமிழிகள், ஓட்டைகள்! அந்த ஊதலின் தடங்கள்தாம் அவை.

இதனால் ஒரு பழைய புதிருக்குப் பாதி விடை கிடைக்கிறது. பால்வீதியின் மேகங்களில் சுமார் 100 கோடி சூரியன் எடைக்கு வாயு இருக்கிறது. தன் பாரத்தாலேயே அது இடிந்து விழ 30 லட்சம் வருஷம் போதும். வகுத்துப் பாருங்கள்: வருஷத்துக்கு 300-க்கு மேல் சூரியன் பிறக்க வேண்டும். பிறப்பதோ இரண்டு! 1974-லேயே ஸக்கர்மனும் எவன்ஸும் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். பிள்ளைகள் வீட்டைக் கலைப்பது ஒரு காரணம். மேகத்துக்குள் உள்ள கொந்தளிப்பும் காந்த விசையும் மற்றவை. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் நிபுணர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இந்த மந்த கதியால்தான் நமக்கெல்லாம் சூரியன் வாய்த்தது என்றுகூடச் சொல்லலாம். மேகங்கள் கிடைத்ததையெல்லாம் ஆரம்பத்திலேயே நட்சத்திரமாக்கித் தீர்த்திருந்தால், பால்வீதி தோன்றிப் பல நூறு கோடி வருஷங்கள் கழித்து, 460 கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு சூரியன் பிறக்க வாயு ஏது?

அப்படியும் கையிருப்பு போதாது. 100 கோடியில் வருஷத்துக்கு இரண்டு செலவானால் 50 கோடி வருஷத்தில் மேகங்கள் தீர்ந்துவிடும். அண்டையிலுள்ள சுருள் மண்டலங்களை அளந்தபோதும் 200 கோடி வருஷத்துக்கு மேல் தாங்காது என்றே வருகிறது. அவையோ 1,000 கோடி வருஷமாகப் பெற்றுக்கொண்டிருக்கின்றன. மேகமாகத் திரளாத ஹைட்ரஜன் கொஞ்சம் சேமிப்பில் இருக்கிறது. அதுவும் அத்தனை காலத்துக்குக் காணாது. ஆகவே, வெளியிலிருந்து வரும்படி இருந்தே ஆக வேண்டும்.

அப்படி வந்துகொண்டிருக்கும் ஒரு பார்சலைக் கண்ணால் கண்டும் இருக்கிறார்கள். 1963-ல் ஹாலந்தில் லைடன் சர்வகலாசாலையில் மாணவியாக இருந்த கெயில் ஸ்மித் ரேடியோ அலைகளில் கண்டுபிடித்த ஹைட்ரஜன் மேகம் அது. ஸ்மித் மேகம் என்றே பெயர். விநாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம் பால்வீதியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. சேர்வதற்கு இன்னும் 3 கோடி வருஷம் ஆகும். அதில் 20 லட்சம் சூரியன்களுக்குப் போதுமான சரக்கு இருக்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரிய தொகைதான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு சூரியன் என்ற நம் வீட்டுச் செலவுக்கு அது 10 லட்சம் வருஷத்துக்குத்தான் காணும்.